5,000-இல் ஒன்று: பக்கத்து வீட்டு அம்மாவின் பிரவுனிங் ஆட்டோ-5க்கு என்ன விலை சொல்லலாம்?

கார்த்திக்_பெண்டன்வில்:

வணக்கம். நான் ஆர்கன்சாவில் பெண்டன்வில் பக்கம் இருக்கிறேன். எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை. துப்பாக்கி பற்றி எனக்கு எதுவும் தெரியாது, கையில் பிடித்ததும் இல்லை.

பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். கணவர் போன வருடம் தவறிவிட்டார். எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது மூன்று வாரம் சாப்பாடு செய்து கொண்டுவந்து கொடுத்தவர் இவர். வரும் வசந்தத்தில் ஒரேகனில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடப் போகிறார். வீட்டைக் காலி செய்யும்போது அலமாரிக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி கிடைத்திருக்கிறது. பிரவுனிங் நிறுவனத்தின் ஷாட்கன், சிறு குண்டுகள் சிதறும் வேட்டைத் துப்பாக்கியாம். பக்கவாட்டில் வாத்துகள், ஒரு நாய், ஒரு மனிதரின் முகம் எல்லாம் செதுக்கியிருக்கிறது. "ஐயாயிரத்தில் ஒன்று" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. கணவர் ஒருமுறைகூட அதைச் சுட்டதில்லை என்கிறார்.

ஊரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். 600 டாலர் தருவதாகச் சொன்னார்களாம். மகனோ இணையத்தில் பார்த்துவிட்டு, "இது 4,000 போகும், விட்டுவிடாதே" என்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்த அம்மா குழம்பிப்போய் என்னிடம் கேட்டார். நான் வாங்கவோ விற்கவோ வரவில்லை. நியாயமான விலை எவ்வளவு, அதை எப்படிக் கணக்கிடுவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் அவருக்குச் சொல்வேன். வீட்டுச் சாமான்களைக் கட்டும் வரை அதை என் வீட்டில் வைத்திருக்க முடியுமா என்றும் கேட்கிறார். சரி என்று சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

---

மேகலா_மினசோட்டா:

கார்த்திக், விலை அப்புறம். முதலில் கடைசி வரிக்குப் பதில்: வேண்டாம். தயவுசெய்து உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

எச்-1பி போன்ற, குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். இதற்குச் சில விலக்குகள் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. என் கணவர் எச்-1பியில் இருந்தபோது இந்த ஊர் நண்பர்களோடு சுடுதளத்துக்குப் போக ஆசைப்பட்டார். முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, உரிமம், அதன்பிறகுதான் போனார்.

உங்கள் பெயரில் இல்லை, விற்கப் போவதில்லை, நாலு நாள்தான் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. வைத்திருப்பதுதான் குற்றம், சொந்தமாக இருப்பது அல்ல. உங்கள் காரில் கடைக்கு எடுத்துப் போய்க் கொடுக்கும் உதவியும் வேண்டாம். அந்த அம்மாவே பெட்டியைத் திறக்கட்டும், அவரே படம் எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி மட்டும் கேளுங்கள். உதவப் போய் உங்கள் விசாவுக்கும் குடும்பத்துக்கும் வினையாகிவிடக் கூடாது.

---

பழனிமலை_ஹூஸ்டன்:

மேகலா சொன்னதை அப்படியே கேளுங்கள் தம்பி. இருபது வருடமாகப் பழைய பிரவுனிங் சேர்க்கிறேன், ஆட்டோ-5 மட்டும் ஏழு இருக்கிறது. நம் ஆட்கள் இந்த ஒரு விஷயத்தில் தெரியாமல் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது 1984இல் வந்த ஆட்டோ-5 கிளாசிக். செதுக்கியிருக்கும் முகம் இதை வடிவமைத்த ஜான் மோசஸ் பிரவுனிங்குடையது. இந்தத் துப்பாக்கியின் கதை தெரிந்தால்தான் விலையும் புரியும், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

தோட்டாவைத் தானே வெளியே தள்ளி அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஷாட்கன்களில் உலகமெங்கும் வெற்றி பெற்ற முதல் துப்பாக்கி இதுதான். பிரவுனிங் இதை வின்செஸ்டர் நிறுவனத்திடம் கொண்டுபோனார். விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு கேட்டார், அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. பிறகு ரெமிங்டனுக்குப் போனார். தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்கக் காத்துக்கொண்டிருக்கும்போதே ஹார்ட்லி மாரடைப்பால் இறந்துபோன செய்தி வந்தது. 1902 ஜனவரி. அதன் பிறகு கப்பலேறி பெல்ஜியம் போய் எஃப்.என். தொழிற்சாலையிடம் கொடுத்தார். அங்கே தொடங்கிய தயாரிப்பு, பிற்பாடு ஜப்பானுக்கு மாறி, 1998 வரை நின்று ஓடியது. பிரவுனிங்கின் உயிர் பிரிந்ததும் 1926இல் அதே பெல்ஜியத்தில், அதே தொழிற்சாலையில்தான். பின்பக்கம் திமில் போலத் தூக்கி நிற்கும் அந்த உருவத்தை வைத்தே இங்கே பெரியவர்கள் இதைக் கூன்முதுகு என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

இப்போது எனக்குச் சில விவரம் வேண்டும். குழலில் பெல்ஜியம் என்றிருக்கிறதா, ஜப்பான் என்றிருக்கிறதா? குழலின் பின்பகுதியில் நட்சத்திரக் குறி எத்தனை? மூலப் பெட்டி, கையேடு, ரசீது ஏதாவது உண்டா? திருகாணிகளின் தலை புதிதுபோல இருக்கிறதா, யாராவது திருகி விளிம்பு சிதைந்திருக்கிறதா? எங்கேயாவது துரு உண்டா? தொடர் எண்ணை இங்கே முழுதாகப் போடாதீர்கள், கடைசி மூன்று எழுத்தை மறைத்துவிடுங்கள்.

---

கார்த்திக்_பெண்டன்வில்:

மேகலா அக்கா, மிகப் பெரிய நன்றி. இது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னேன், அவரும் பதறிவிட்டார். துப்பாக்கி அவர் வீட்டிலேயே இருக்கிறது, நான் தொடவில்லை.

பழனி அண்ணா, அவர் எடுத்த படங்களைப் பார்த்துச் சொல்கிறேன். குழலில் ஜப்பான் என்று இருக்கிறது. இரண்டு நட்சத்திரம். திருகாணிகள் பளிச்சென்று இருக்கின்றன. கட்டையில் கீறல் தெரியவில்லை. ஆனால் குழலின் முன்பகுதியில் மிளகு அளவில் மூன்று பழுப்புப் புள்ளிகள். உள்ளே பஞ்சு மெத்தை வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டியில்தான் இத்தனை வருடமும் இருந்திருக்கிறது. மூலப் பெட்டி இல்லை. ரசீது கிடைத்தது: 1984 நவம்பர், 1,150 டாலர்.

---

பழனிமலை_ஹூஸ்டன்:

அந்தப் பஞ்சுதான் எதிரி. காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்தே வைத்திருக்கும். இன்றைக்கே வெளியே எடுத்து, எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் லேசாக ஒற்றி, துணி உறையிலோ திறந்த நிலையிலோ வைக்கச் சொல்லுங்கள். அவ்வளவுதான். அந்தப் புள்ளிகளை யாரும் தேய்க்கக் கூடாது. உப்புத்தாள், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. மிளகளவு துரு கொஞ்சம் விலையைக் குறைக்கும். தேய்த்து நீலப்பூச்சு வெளுத்துப்போனால் பாதி விலையே போய்விடும். சேகரிப்பவன் துருவை மன்னிப்பான், கைவேலையை மன்னிக்க மாட்டான்.

இரண்டு நட்சத்திரம் என்றால் மாடிஃபைட் சோக், அதாவது குழல் முனையில் நடுத்தரக் குறுக்கம். ஒரு நட்சத்திரம் ஃபுல், முழுக் குறுக்கம். மூன்று நட்சத்திரம் குறுக்கமே இல்லாத நேர்க்குழல். கிளாசிக் வெளியானபோதே 28 அங்குல மாடிஃபைட் குழலோடுதான் வந்தது, ஆக மூலக் குழல் மாறவில்லை என்று நம்பலாம். ஆட்டோ-5இல் குழலைக் கழற்றி மாற்றுவது சுலபம் என்பதால் இதை எப்போதும் பார்க்க வேண்டும்.

---

சேரன்77:

விலைக்கு வருவோம். மகன் சொன்ன 4,000 எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரிகிறது. இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன.

ஒன்று, இதே பெயரில் கோல்டு கிளாசிக் என்று இன்னொன்று உண்டு. அது 500 மட்டுமே, பெல்ஜியத்தில் செய்தது, செதுக்கலில் தங்கம் பதித்தது. தேடினால் இரண்டும் கலந்து வரும். உங்களுடையது 5,000 செய்த வகை, ரிசீவர் எனப்படும் பொறிப்பகுதி சாம்பல்நிறம். பெயர் ஒன்றுபோல, விலை வேறு உலகம்.

இரண்டு, விற்பவர் கேட்கும் விலையைப் பார்த்திருக்கிறார். கன்புரோக்கர் மாதிரி ஏலத் தளங்களில் யார் வேண்டுமானாலும் 4,000 என்று போட்டு வருடக்கணக்காக வைத்திருக்கலாம். பார்க்க வேண்டியது முடிந்த ஏலங்களை மட்டும். அதிலும் ஏலம் கேட்கப்பட்டு உண்மையில் விற்றவை. விற்காமல் திரும்பியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதும் ஒரு தகவல். அப்புறம், 2012இல் பிரவுனிங் ஏ5 என்ற பெயரில் முற்றிலும் வேறு பொறியமைப்போடு ஒரு புதுத் துப்பாக்கி வந்தது. அதுவும் தேடலில் வந்து சராசரியைக் கெடுக்கும். நீக்கிவிடுங்கள்.

குறைந்தது ஐந்தாறு உண்மையான விற்பனை கிடைத்ததும், மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு நடுவில் இருப்பதைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பெட்டி இருந்ததா, சுட்டதா, துரு உண்டா என்று குறித்தால்தான் ஒப்பிட முடியும். புளூ புக் எனப்படும் ஆண்டு விலைக் கையேட்டையும் புரட்டலாம். அதில் நூறு சதவீதம், தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றைந்து என்று நிலைக்கு ஏற்ப விலை இறங்கும். ஆனால் அது ஒரு தொடக்கப்புள்ளி. சந்தை நேற்று என்ன கொடுத்தது என்பதை ஏலம்தான் சொல்லும்.

---

யாழ்வாணன்_ரொறன்ரோ:

தம்பி, "இத்தனையில் ஒன்று" என்ற எழுத்தைப் பார்த்து மயங்க வேண்டாம் என்று அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ. இங்கே கனடாவில் அதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது.

1967இல் கனடாவின் நூற்றாண்டு. வின்செஸ்டர் நிறுவனம் மொடல் 94 றைபிளில் நூற்றாண்டு நினைவுப் பதிப்பு விட்டது. எட்டுப் பட்டைக் குழல், மேப்பிள் இலைச் செதுக்கல், பார்க்க வடிவாக இருக்கும். பேரப்பிள்ளைகளுக்குச் சொத்தாகும் என்று சனம் வாங்கிப் பெட்டியோடு வைத்தது. ஆனால் செய்தது ஏறக்குறைய 90,000. எல்லாரும் பத்திரப்படுத்தினால் பத்திரப்படுத்தினதுக்கு என்ன மதிப்பு? எங்கள் பக்கத்து ஊரில் ஒரு முதியவரின் வீட்டுச் சாமான் விற்பனையில் பெட்டி பிரிக்காத ஒன்றைக் கண்டேன். பக்கத்தில் அதே காலத்துச் சாதாரண 94 ஒன்று, நன்றாகப் பாவித்தது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்த முதியவரின் மகள் அழாத குறை.

1968இன் பஃபலோ பில் பதிப்பு ஒரு லட்சத்துக்கு மேல் செய்தது. 1981இன் நடிகர் ஜோன் வேயின் பதிப்பு 50,000. இவையெல்லாம் ஒரே கதை. 1964இல் வந்த வயோமிங் பதிப்பு 1,500தான், அதை மட்டும் ஆட்கள் தேடுவினம்.

---

பழனிமலை_ஹூஸ்டன்:

யாழ்வாணன் சொன்னது முழு உண்மை, ஆனால் ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். மொடல் 94 நினைவுப் பதிப்புகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் நினைவுப் பொருளாகத்தான் வாங்கினார்கள். ஆட்டோ-5க்கு வேட்டைக்காரன் நடுவிலேயே ஒரு தனிப் பாசம் உண்டு. பெயரில்லாத சாதாரண ஆட்டோ-5, அதிலும் பெல்ஜியத்தில் செய்த ஸ்வீட் சிக்ஸ்டீன் என்ற எடை குறைந்த வகை, நல்ல நிலையில் இருந்தால் இன்றைக்கும் போட்டி போட்டு வாங்குகிறார்கள். பதிப்பு எண்ணிக்கை விலையைத் தூக்காவிட்டாலும், அடியில் இருக்கும் துப்பாக்கி விலையைத் தாங்கும். அதனால்தான் 600 எனக்குக் கோபத்தைத் தருகிறது. செதுக்கலே இல்லாத, பத்து வருடம் சேற்றில் புரண்ட ஜப்பான் ஆட்டோ-5க்குச் சொல்ல வேண்டிய விலை அது.

எண்ணிக்கை உண்மையிலேயே குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதே நிறுவனத்தில் உதாரணம் உண்டு. சூப்பர்போஸ்டு என்ற மேல்கீழ் இரட்டைக்குழலில் 1981இல் மல்லார்டு வாத்து, 82இல் பின்டெய்ல், 83இல் கறுப்பு வாத்து என்று மூன்று பதிப்பு, ஒவ்வொன்றும் 500. 1976இல் அமெரிக்காவின் இருநூறாவது ஆண்டுக்கு மாநிலத்துக்கு ஒன்று, தலைநகருக்கு ஒன்று என்று மொத்தம் 51 மட்டும் செய்தார்கள். அந்த 51 வெளியே வந்தால் கூட்டம் கூடும். 5,000 என்பது அப்படி இல்லை. இன்று காலையே நாலைந்து விற்பனைக்கு இருந்திருக்கும்.

விலையை அழுத்தும் இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் பேசுவதில்லை. அந்தத் துப்பாக்கியில் செதுக்கியிருப்பது வாத்து. 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டு தடை. எஃகுக்குண்டு ஈயத்தைவிடக் கடினம். பழைய பெல்ஜியக் குழல்களில் எஃகு போடவே கூடாது என்று பிரவுனிங் நிறுவனமே சொல்கிறது. சோக்கைக் கழற்றி மாற்றும் பிற்காலத்து ஜப்பான் குழல்களில் போடலாம். இந்தக் கிளாசிக்கில் சோக் நிலையானது, நிறுவனத்திடம் கேட்காமல் எஃகு போடக்கூடாது. ஈயத்துக்கு மாற்றான, எஃகைவிட மென்மையான பிஸ்மத் உலோகக் குண்டு போட்டால் சிக்கலில்லை, ஆனால் அதன் விலை கையைக் கடிக்கும். ஆக, நாளை விடியற்காலை வாத்து வேட்டைக்குப் போகிற இளைஞன் இதை வாங்க மாட்டான். வாங்குவது என் வயதுக்காரர்கள். எங்கள் எண்ணிக்கை கூடவில்லை. எங்களில் ஒருவர் போகும்போதெல்லாம் அவர் வீட்டு அலமாரியிலிருந்து நாலு துப்பாக்கி சந்தைக்கு வருகிறது. இது வருத்தமான கணக்கு, ஆனால் விலை சொல்லும்போது ஒளிக்கக் கூடாது.

என் மதிப்பீடு: இப்போதைய நிலையில், பெட்டி இல்லாமல், மூன்று துருப்புள்ளியோடு, சுடாதது என்று ஒரு துப்பாக்கி மெக்கானிக் உறுதி சொன்னால் 1,300 முதல் 1,500. பெட்டியும் கையேடும் இருந்தால் 1,800 வரை கேட்கலாம். 2,000 தாண்ட ஆசைப்பட்டால் வசந்தத்துக்குள் விற்காது.

---

சேரன்77:

நான் தனியாகப் பார்த்து வந்த எண்ணும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். 1984இன் ஒரு டாலர் இன்றைக்கு ஏறக்குறைய மூன்று டாலர். அன்று கொடுத்த 1,150 விலைவாசியோடு சேர்ந்து ஏறியிருந்தாலே இன்று 3,400ஐத் தாண்டியிருக்க வேண்டும். 1,500க்கு விற்றால் ரசீதைவிட அதிகம்போலத் தோன்றும். உண்மையில் பாதிக்கு மேல் கரைந்திருக்கிறது. இதை மகனிடம் சொல்லுங்கள். "வாங்கியதைவிடக் கூட வந்திருக்கிறதே" என்றோ, "நாற்பது வருடம் வைத்ததற்கு இவ்வளவுதானா" என்றோ இல்லாமல், இப்போது சந்தையில் இருக்கும் விலையைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

---

கோவை_ராமு:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கள் தாத்தா உரிமத்தில் ஒரு பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் இருக்கிறது. அதையும் இந்த முறையில் மதிப்பிடலாமா?

---

பழனிமலை_ஹூஸ்டன்:

முடியாது ராமு சார். இந்தியாவில் விலையை முடிவு செய்வது பொருளைவிட உரிமம். வாங்குபவருக்கு உரிமம் இருக்க வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைக்க முடியாது. இன்னொரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வரத்து இல்லாததால் அங்கே இருக்கும் பழைய நல்ல துப்பாக்கிக்கு இங்கே கிடைக்காத விலையும் கிடைக்கும். இங்குள்ள ஏல எண்களை வைத்து அங்கே எதுவும் முடிவு செய்யாதீர்கள். தனி இழை தொடங்குங்கள், தெரிந்தவர்கள் வருவார்கள்.

---

கார்த்திக்_பெண்டன்வில்:

நல்ல செய்தி. மாடியறையில் கிறிஸ்துமஸ் அலங்காரச் சாமானுக்கு அடியில் மூலப் பெட்டி கிடைத்திருக்கிறது! கையேடும் உள்ளே இருக்கிறது. பெட்டியின் ஒரு மூலை மட்டும் நைந்திருக்கிறது. பெட்டிமேல் ஒட்டிய சீட்டில் இருக்கும் தொடர் எண்ணும் துப்பாக்கியின் எண்ணும் ஒன்றே.

அவருடைய தேவாலயத்தில் பழக்கமான ஒரு துப்பாக்கி மெக்கானிக் வீட்டுக்கே வந்து பார்த்தார். குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி உள்ளே விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார், இல்லை. தோட்டாக்குழாயின் மேல் தேய்மானக் கோடு இல்லாததைக் காட்டி, தொழிற்சாலைச் சோதனைக்கு மேல் இது சுடப்பட்டதாகத் தெரியவில்லை என்றார். எழுதியும் கொடுத்திருக்கிறார்.

ஒரு சந்தேகம். கணவர் இங்கே ஆர்கன்சாவிலேயே இருக்கும் ஸ்டட்கார்ட் ஊர்க்காரர். முப்பது வருடம் வாத்து வேட்டைக்குப் போனவர். அவருடைய பழைய புகைப்படங்கள், வாத்தை அழைக்கும் ஊதல்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கொடுத்தால் விலை கூடுமா? துப்பாக்கிக்கு ஒரு கதை இருந்தால் மதிப்பு கூடும் என்று எங்கோ படித்தேன்.

---

மேகலா_மினசோட்டா:

கதைக்கு விலை உண்டு, ஆனால் ஊர் உலகம் அறிந்த மனிதரின் கதைக்கு மட்டும். முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்கப் பயணத்துக்குக் கொண்டுபோன ஃபாக்ஸ் நிறுவனத்தின் இரட்டைக்குழல் 2010இல் மெய்ன் மாநிலத்தில் நடந்த ஏலத்தில் 8,62,500 டாலருக்குப் போனது. அதே வேலைப்பாட்டில் அவர் கை படாத துப்பாக்கிக்கு அதில் சின்ன பங்குகூடக் கிடைக்காது. அந்தக் கதைக்குக் காகித ஆதாரமும் இருந்தது.

அந்த அம்மாவின் கணவர் சந்தைக்குத் தெரியாதவர். புகைப்படங்களை விற்பனையோடு கொடுத்தால் விலை ஏறாது, அவருக்குத்தான் இழப்பு. படங்களை அவரே வைத்துக்கொள்ளட்டும். ஊதல்களைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டட்கார்ட் என்றால் சும்மா ஊர் இல்லை, 1936 முதல் வாத்து அழைப்புப் போட்டி நடக்கும் இடம். அந்தப் பக்கத்துக் கைவேலை ஊதல்களைச் சேகரிக்கத் தனியாகவே ஆட்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இலவசமாகச் சேர்த்துவிடப் போகிறார்.

---

பழனிமலை_ஹூஸ்டன்:

மேகலா ஊதல் பற்றிச் சொன்னது நல்ல யோசனை, எனக்கே தோன்றவில்லை.

பெட்டியும் எண்ணும் பொருந்திவிட்டதால் இப்போது 1,600 முதல் 1,800 கேட்கலாம். எங்கே விற்பது என்பதுதான் அடுத்தது, கையில் வரும் பணம் அதைப் பொறுத்தது. கடைக்காரர் நேரடியாக வாங்கினால் அவர் விற்கும் விலையில் அறுபது சதவீதம் கொடுப்பது தவறில்லை, அவருக்கு வாடகை இருக்கிறது, மாதக்கணக்கில் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும். 1,600இல் அறுபது என்றால் 960. 600 ஏன் குறைவு என்று இப்போது புரியும். கடையிலேயே வைத்து விற்றுத் தரச் சொன்னால் பதினைந்து முதல் இருபது சதவீதம் கழிப்பார்கள். 1,600க்கு விற்றால் 1,300 பக்கம் கைக்கு வரும். பெரிய ஏல நிறுவனங்களுக்கு இது சின்னச் சரக்கு, நாலு துப்பாக்கியோடு கட்டி ஒரே எண்ணில் தள்ளிவிடுவார்கள், அங்கே வேண்டாம். இணைய ஏலம் நல்ல விலை தரும், ஆனால் வேறு மாநிலத்துக்காரர் வாங்கினால் அவருடைய ஊரில் கூட்டாட்சி உரிமம் பெற்ற வியாபாரி மூலமாகத்தான் போக வேண்டும், அனுப்புவது வேறு தலைவலி.

என் யோசனை, ஆர்கன்சாவிலேயே ஆள் தேடுங்கள். வாத்து வேட்டைக்கு உயிரைக் கொடுக்கும் மாநிலம் அது. ஒரே மாநிலத்தில் இருவருக்குள் விற்றால் வியாபாரி கட்டாயமில்லை. ஆனாலும் ஒரு உரிமக் கடையில் வைத்தே கைமாற்றட்டும். வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்த்துவிடுவார்கள், சின்னக் கட்டணம்தான். தனியாக இருக்கும் அம்மா, வீட்டுக்கு அந்நியர் வர வேண்டியதில்லை. அடுத்த மாதம் ஊரையே விட்டுப் போகிறவருக்குக் கையில் ஒரு காகிதமும் இருக்கும்.

---

கார்த்திக்_பெண்டன்வில்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். விற்றாகிவிட்டது.

கணவரோடு வேட்டைக்குப் போனவர்களில் ஒருவரின் பேரன், ஸ்டட்கார்டிலேயே இருக்கிறார். செய்தி அங்கே போய் அவரே கூப்பிட்டார். 1,750 சொன்னோம். துருப்புள்ளிகளையும் நைந்த மூலையையும் அம்மாவே முதலில் காட்டிவிட்டார். 1,600க்கு முடிந்தது. அவருடைய ஊர்க் கடை ஒன்றில் வைத்துக் கைமாற்றினார்கள், அம்மாவின் மகன் ஒரேகனிலிருந்து வந்து கூடப்போனார். சேரன் சொன்ன டாலர் கணக்கை நான் மகனுக்கு விளக்கியிருந்தேன், அதன் பிறகு அவர் 4,000 பேச்சை எடுக்கவில்லை. ஊதல்களை விற்கவில்லை. ஒன்று பேரனுக்கு, மற்றவை மகனுக்கு.

இன்னொன்று. அதைச் சுடாமலே நாற்பது வருடம் ஏன் வைத்திருந்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். செதுக்கியிருக்கும் அந்த லாப்ரடார் நாய்க்காகத்தான் வாங்கினாராம். அவர்களுடைய நாய் அந்த வருடம் இலையுதிர் காலத்தில் செத்துப்போயிருக்கிறது. கடையில் இந்த முகத்தைப் பார்த்துவிட்டு, கையில் இருந்த பணத்தையெல்லாம் கொடுத்து வாங்கி வந்துவிட்டாராம்.

வாங்கிய பையன் அலமாரியில் வைக்கப் போவதில்லை, ஒரு காலை மட்டுமாவது தண்ணீருக்கு எடுத்துப் போவேன் என்றார். மதிப்பு குறைந்துவிடுமே என்று நான் பதறினேன். அம்மாவுக்கு அதில்தான் மிகுந்த சந்தோஷம். பழனி அண்ணா, லேசான பிஸ்மத் தோட்டாவுக்கு உள்ளே இருக்கும், பின்னுதையைத் தணிக்கும் உராய்வு வளையத்தை எப்படி வைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை, இங்கே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

---

பழனிமலை_ஹூஸ்டன்:

லேசான தோட்டா என்றால் அந்த எஃகு உராய்வு வளையத்தைச் சுருள்வில்லுக்குக் கீழே, ரிசீவரை ஒட்டி வைக்க வேண்டும். வெண்கலத் துண்டு மட்டும் வில்லின் மேலே இருக்கும். கனமான தோட்டாவுக்கு அதே வளையத்தை எடுத்து வில்லுக்கும் வெண்கலத்துக்கும் நடுவில், சரிந்த பக்கம் வெண்கலத்தைப் பார்க்கும்படி வைக்க வேண்டும். மாற்றி வைத்துக் கனமான தோட்டா சுட்டால் முன்கட்டை பிளந்துவிடும், இந்த ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். பெட்டியில் இருந்த கையேட்டில் இதற்குப் படம் இருக்கும். சுட்டு முடித்து வந்ததும் துடைத்து, அந்தப் பஞ்சுப் பெட்டியில் மட்டும் திரும்ப வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.